பார்ட் வரும்வரை

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பாலிடெக்னிக் மோட்டார் லேபில் நீயும் நானும் மட்டும் பெண்களாக நின்ற காலம் நினைவிருக்கிறதா? இவள் வகுப்பில் பாதிக்குப் பாதி பெண்கள் என்கிறாய். இருக்கட்டும், கேட்கவே நன்றாக இருக்கிறது. அண்ணாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருப்பதும் நல்ல செய்தி. அவரை மறுபடி அவிழ்த்துவிட்டுவிடாதே.

இனி, நீ கோபமாக எழுதியிருந்த கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகும் வயரிங் சூடாகித் தீப்பிடிக்கலாம், வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள் என்று கம்பெனிக்காரர்களே ரீகால் (குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது) கடிதம் போட்டிருக்கிறார்கள். பார்ட் இன்னும் வரவில்லை, வந்ததும் தெரிவிக்கிறோம் என்று அதே கடிதத்தை முடித்தும் இருக்கிறார்கள். "பயமுறுத்திவிட்டுக் காத்திரு என்றால் என்னடி அர்த்தம்?" என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான். நானும் பல மாதங்கள் இப்படிக் காத்துக் கிடந்தவள்.

என் வண்டியில் நடந்தது இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் முழுக்க இருட்டாகிவிடும், ஸ்டீயரிங் இறுகிக்கொள்ளும், அடுத்த நொடியே எல்லாம் பழையபடி வந்துவிடும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "கோட் எதுவும் இல்லையே மேடம்" என்பார்கள், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் எந்தக் கோளாறையும் பதிவு செய்யவில்லை. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. கண்ட்ரோல் யூனிட்டுக்கே சப்ளை போய்விட்டால் அது எதை எழுதி வைக்கும்? மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் விட்டுப்போகும் கனெக்டர், ஒர்க்‌ஷாப்பில் அசையாமல் நிற்கும் வண்டியில் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். பிரேக் கட்டை தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், ஆயில் ஒழுகினால் தரையில் தெரியும். மின்கோளாறு அப்படி இல்லை, பரிசோதிக்கிற நேரம் பார்த்து நல்ல பிள்ளையாகிவிடும். பிறகு ஒருநாள் அதே கனெக்டருக்கு ரீகால் வந்தது. எனக்கு வந்த முதல் உணர்ச்சி பயமல்ல, "அப்பாடா, நான் கற்பனை செய்யவில்லை" என்பதுதான்.

ஃபியூஸ் இருக்கும்போது வயர் எப்படி எரியும் என்று அண்ணா கேட்டதாக எழுதியிருந்தாய். நாம் படித்த கணக்குத்தான், போட்டுக் காட்டு. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம். ஃபேன் 20 ஆம்பியர் இழுக்கிறது, கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின் (pin) களிம்பேறி பத்தில் ஒரு பங்கு ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள். நானூறு பெருக்கல் பத்தில் ஒன்று, 40 வாட். லேபில் நாம் வைத்திருந்த சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அதிலேயே ஈயம் உருகி ஓடியது. இங்கே கனெக்டரின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதைவிட அதிகமான சூடு அடைபட்டுக் கிடக்கிறது. ஆனால் 30 ஆம்பியர் ஃபியூஸின் கண்ணுக்கு ஓடுவது வெறும் 20 ஆம்பியர். அது எதற்குப் போகப் போகிறது? அளவுக்கு மீறி ஓடும் கரண்டைத்தான் ஃபியூஸ் தடுக்கும், மோசமான இணைப்பைத் தடுக்காது. இதில் அதிர்வு வேறு. பின்னும் சாக்கெட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசி உரசி மேல்பூச்சு தேய்ந்து, ஆக்சைடு படிந்து, தடை ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் இறங்கினால் கேட்கவே வேண்டாம், வயரின் இழைகளுக்கு நடுவே ஊறி, நனையவே வாய்ப்பில்லாத இடம் வரை போய்விடும்.

திறந்தவெளியில் நிறுத்தச் சொல்வதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதே. சாவியை எடுத்தாலும் காரில் எல்லா மின்சாரமும் நிற்பதில்லை, சில லைன்களில் பேட்டரியிலிருந்து எப்போதும் சப்ளை இருக்கும். இதற்குப் பெரிய பாடம் ஃபோர்டு வண்டிகளில் நடந்தது. குரூஸ் கண்ட்ரோலை (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) நிறுத்துவதற்கென்று பிரேக் அமைப்பில் ஒரு சின்ன ஸ்விட்ச். ஒரு பக்கம் பிரேக் ஆயில், மறுபக்கம் எப்போதும் உயிரோடு இருக்கும் மின்சாரம், நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று மட்டும். நாளாவட்டத்தில் சவ்வு விரிசல் விட, ஆயில் கசிந்து மின்பக்கம் போனது. எஞ்சின் அணைத்து நிறுத்திய வண்டிகள் தாமாகவே பற்றி எரிந்தன, சில இடங்களில் வீட்டோடு சேர்த்து. 1999 முதல் 2009 வரை தவணை தவணையாக ரீகால் செய்து, கடைசியில் கணக்கு ஒன்றரைக் கோடி வண்டியை நெருங்கியது. நீ கவனிக்க வேண்டியது இடையில் அவர்கள் செய்தது. பார்ட் போதாதபோது, வண்டியைக் கொண்டு வாருங்கள், ஸ்விட்ச் கனெக்டரை மட்டும் கழற்றிவிடுகிறோம் என்றார்கள். குரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யாது, அவ்வளவுதான், தீ அபாயம் போய்விடும். பிறகு ஃபியூஸ் வைத்த வயரிங் வந்ததும் முறையாகப் பொருத்தினார்கள்.

உன் வண்டிக்கும் இப்படி ஏதாவது இடைக்கால ஏற்பாடு உண்டா என்று எழுதிக் கேள். வாயால் கேட்டால் "பார்ட் வரட்டும் மேடம்" என்ற பதில்தான் வரும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஃபேன் வயரை நீயாகவோ தெரிந்த மெக்கானிக்கை வைத்தோ கழற்றிவிடாதே. குரூஸ் கண்ட்ரோல் இல்லாமல் ஓட்டலாம், ஃபேன் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும்.

அப்புறம், இந்தத் தாமதம் ஏன் என்பது. ரீகால் அறிவிப்பதும் ரிப்பேர் செய்வதும் தனித்தனிக் காரியங்கள், கறாரான கெடு பெரும்பாலும் முதலாவதற்குத்தான். இந்தச் சட்டங்களில் பழையது அமெரிக்காவில் 1966-இல் வந்தது. அங்கே உள்ள விதிப்படி, குறைபாட்டை அரசு அமைப்புக்குத் தெரிவித்த 60 நாட்களுக்குள் உரிமையாளர்களுக்குக் கடிதம் போயாக வேண்டும், பார்ட் தயாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும். தயாராக இல்லையென்றால் உனக்கு வந்தது மாதிரி ஓர் இடைக்காலக் கடிதம், பிறகு இன்னொன்று. ரிப்பேருக்கோ "நியாயமான காலம்" என்ற வழவழப்பான பேச்சுத்தான்.

பார்ட் வராததற்கும் சில காரணங்கள் உண்மையானவை, அதை மறுக்க மாட்டேன். அந்தக் கனெக்டரையோ ஸ்விட்சையோ கார் கம்பெனி செய்வதில்லை, சப்ளையர் ஒருவர் செய்கிறார். அவருடைய லைன் புது வண்டிகளுக்கு வேண்டியதைச் செய்யத்தான் அமைந்தது, பத்து வருட உற்பத்தியை ஒரே மூச்சில் திரும்பச் செய்ய அல்ல. அதுவும் பழைய வடிவத்தையே செய்து பயனில்லை, திருத்திய வடிவத்தைச் சோதித்தாக வேண்டும். டகாட்டா என்ற கம்பெனியின் ஏர்பேக் விவகாரத்தில் இது உச்சத்துக்குப் போனது. அது மின்கோளாறு இல்லை, ஏர்பேக்கை விரியவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம் ஈரத்திலும் வெயிலிலும் கெட்டுப்போன கதை. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃபிளேட்டர்களை (ஏர்பேக்கை ஊதும் பாகம்) மாற்ற வேண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது என்பதால், வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள பகுதிகளில் ஓடும் பழைய வண்டிகளுக்கு முதலில் என்று வரிசை போட்டார்கள். 2017-இல் அந்தக் கம்பெனி திவாலாகியும் மாற்றுவது முடியவில்லை.

இந்த வரிசையைப் பற்றி எனக்குக் கோபமில்லை. பழைய வண்டிக்கு முதலில் கொடு, ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பொறுக்காதது வேறு. புது வண்டிகளுக்கு அதே பார்ட் போய்க்கொண்டிருக்கும்போது ஓடும் வண்டிக்காரர்களைக் காத்திருக்கச் சொல்வது. செவ்ரோலே போல்ட் எலெக்ட்ரிக் காரில் பேட்டரி தீப்பிடித்தபோது வேறு மாதிரி நடந்தது. 2021 ஆகஸ்டில் அதுவரை செய்த அத்தனை வண்டிகளையும், சுமார் 1,42,000, ரீகால் செய்தார்கள். புது வண்டி உற்பத்தியையே நிறுத்திவைத்து, வந்த பேட்டரி மாட்யூல்களை ரீகாலுக்கு அனுப்பினார்கள். அதுவரை 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், இரவில் வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள் என்று தெளிவாகச் சொன்னார்கள். அப்போதும் பலர் நீண்ட நாள் காத்திருந்தார்கள்தான். ஆனால் கம்பெனியும் சேர்ந்து நஷ்டத்தைச் சுமந்தது. என்னைக் கேட்டால் அதையே சட்டமாக்கிவிடலாம்.

மறைத்து வைத்ததால் வந்த தாமதம் இன்னும் மோசம். ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் ஸ்விட்ச் விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். ஸ்விட்சுக்குள் ஸ்பிரிங் பலவீனம். கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் பட்டாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும் வண்டி அணைந்துவிடும். ஸ்டீயரிங், பிரேக் உதவி போகும், ஏர்பேக்கும் விரியாது. கம்பெனிக்குள் பல வருடங்களாகத் தெரிந்த விஷயம். நடுவில் ஸ்விட்சை மாற்றியவர்கள் பார்ட் நம்பரை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். அதனால் எது பழையது, எது புதியது என்று துப்புத் துலக்குபவர்களே குழம்பினார்கள். 2014-இல்தான் ரீகால் வந்தது, சுமார் 26 லட்சம் வண்டிகள். இழப்பீட்டு நிதி 124 சாவுகளை ஏற்றுக்கொண்டது. புது ஸ்விட்ச் வரும்வரை, சாவிக்கொத்தில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒற்றைச் சாவியோடு ஓட்டுங்கள் என்றார்கள். பயப்பட்டுக் கேட்டவர்களுக்கு மாற்று வண்டியும் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்கு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்.

அதனால் நீயும் கேள். மாற்று வண்டி கொடுப்பீர்களா, எழுத்தில் பதில் வேண்டும் என்று சர்வீஸ் அட்வைசரிடம் அல்ல, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கே எழுது. அட்வைசர் பாவம், பார்ட் எப்போது வரும் என்று அவருக்கும் கம்ப்யூட்டர் திரையில் தெரிவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. நான் அவர்களிடம் கத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் நான் சொன்ன புகாரை என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன், "கஸ்டமர் கம்ப்ளெயிண்ட்: எலெக்ட்ரிக்கல்" என்று முடிக்க விடவில்லை. மீட்டர் இருட்டாகும்போது பக்கத்தில் இவரை உட்கார வைத்து போனில் வீடியோ எடுத்தேன். கோட் இல்லை என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. கோளாறு காட்டும் வண்டி என்று பதிவானதும், வரிசையில் முன்னே தள்ளினார்கள். புது கனெக்டரும் அதோடு ஒரு முழம் வயரும் மாற்றியபின் ஒழுங்காக ஓடுகிறது. பழையதைக் காட்டச் சொன்னேன், ஒரு பின் மட்டும் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகிப்போயிருந்தது. கையில் தரவில்லை, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.

அண்ணா வண்டியை இப்போதே விற்றுவிடலாம் என்கிறாரா? ரீகால் ஆளைத் தொடர்வதில்லை, சேசிஸ் நம்பரைத் தொடர்கிறது. ஆகவே வாங்குகிறவருக்கும் இலவசமாகச் செய்து தருவார்கள். ஆனால் சொல்லாமல் விற்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2004-இல் கலிஃபோர்னியாவில் சகோதரிகள் இருவர் வாடகைக் கார் எடுத்துப் போனார்கள். தீப்பிடிக்கலாம் என்ற ரீகால் நோட்டீஸ் வந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியும் ரிப்பேர் செய்யாமலே அதை வாடகைக்கு விட்டிருந்தார்கள். இருவரும் இறந்துபோனார்கள். அவர்கள் அம்மா விடாமல் போராடியதில்தான், ரீகால் முடிக்காத வண்டியைப் பெரிய வாடகைக் கம்பெனிகள் வெளியே விடக்கூடாது என்ற சட்டம் 2016-இல் அமெரிக்கா முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அண்ணாவிடம் இதைப் படித்துக் காட்டு, பிறகு அவரே முடிவு செய்யட்டும்.

ஓட்டலாமா என்றால், கடிதத்தில் ஓட்டவே கூடாது என்று போட்டிருந்தால் ஓட்டாதே. அப்படி இல்லையென்றால் பக்கத்துத் தேவைகளுக்கு மட்டும் எடு. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால் ஓரங்கட்டி, அணைத்து, இறங்கித் தள்ளிப் போய் நில். பானெட்டைத் திறந்து பார்க்கிறேன் என்று நிற்காதே, திறந்ததும் காற்றுப் புகுந்து தீ எழும். வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தாதே.

அடுத்த கடிதத்தில் சேசிஸ் நம்பரையும் ரீகால் நம்பரையும் எழுதி அனுப்பு, கம்பெனிக்குப் போடவேண்டிய கடிதத்தை நான் வரைந்து தருகிறேன். நீ எழுதினால் ரொம்ப மரியாதையாக எழுதுவாய், அது இங்கே உதவாது. இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரில் வரி விளம்பரம் வரை படித்து உரக்கச் சொல்கிறார், எனக்குத்தான் காது வலி. சின்னவளுக்கு எந்தப் பிரிவில் வேலை என்று எழுதவே இல்லையே நீ? அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

உன்
மங்கை