நிழலடிக்கும் இடத்துக்கு எந்தப் பூச்செடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளியான வீட்டுத்தோட்டக் கட்டுரை, வெயில் படாத இடத்தில் குரோட்டன்ஸ் போன்ற இலைச்செடிகளை வைத்துவிட்டுப் பூச்செடிகளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடும்படி வாசகர்களுக்கு யோசனை கூறியிருந்தது. குரோட்டன்ஸுக்கே நல்ல வெயில் பட்டால்தான் நிறம் ஏறும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிழலில் பூக்காது என்று பூச்செடிகள் அனைத்தையும் ஒரே வரியில் ஒதுக்கியதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆண்டுக்கணக்கில் நிலைத்து நின்று நிழலிலும் பூக்கும் செடிகள் நம் ஊரில் தாராளமாக உண்டு. அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முன் நிழலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

குரோம்பேட்டையில் உள்ள எங்கள் ஓட்டு வீட்டின் தெற்கே எட்டடி அகலத்தில் நீளவாக்கில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதற்கும் தெற்கே பக்கத்து மனையில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பிய பிறகு அங்கிருந்த மல்லிகையும் ரோஜாவும் கொம்பு கொம்பாக நீண்டு, மொட்டே வைக்காமல் நின்றன. நாற்றுப் பண்ணை ஒன்றில் கேட்டபோது, முழு நிழலுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்று கூறி பீஸ் லில்லிச் செடிகள் ஆறு தந்தார்கள். தை மாதம் நட்டேன். பங்குனி வரை பளபளவென்று வளர்ந்து, வெள்ளை மடல்களும் விரித்தன. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய முதல் வாரத்திலேயே இலைகளின் நடுப்பகுதி வெளுத்து, பிறகு பழுப்பேறி, சுட்ட அப்பளம்போல் மொறமொறவென்று ஆகிவிட்டது.

செடியின் மீது குற்றமில்லை. கணக்குப் பிழை என்னுடையது. நம் தமிழ்நாடு கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் ஆண்டு முழுவதும் நமக்குத் தெற்கே நிற்பதில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் அது நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. டிசம்பர் மாத நண்பகலில் 30 அடி உயரக் கட்டடம் தன் வடக்கே ஏறத்தாழ 22 அடிக்கு நிழல் விழுத்தும்; மே மாதத்திலோ அதே கட்டடத்தின் வடக்குச் சுவரிலேயே வெயில் அடிக்கும். சூரியன் எப்போதும் தெற்கிலேயே நிற்கும் குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட தோட்ட நூல்கள், வடக்குப் பக்கம் என்றால் நிரந்தர நிழல் என்று சொல்வதை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் இந்த ஏமாற்றம். போதாக்குறைக்கு, சென்னையில் நிழல் நீளும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. ஆகவே இப்படிப்பட்ட இடத்தில் நடும் செடி நிழலைத் தாங்கினால் மட்டும் போதாது. மழைக்காலத்தில் காயாத மண்ணையும், கோடையில் இரண்டு மூன்று மணி நேரம் சுள்ளென்று விழும் உச்சி வெயிலையும் அது தாங்கியாக வேண்டும்.

இந்தச் சோதனையில் என் தோட்டத்தில் முதலில் தேறியது கனகாம்பரம். அரை நிழலில் பூ சற்றுக் குறையும் என்பது உண்மையே. ஆனால் இலை கரும்பச்சையாகிறது, பூவின் நிறமும் வெயிலில் வெளிறுவதுபோல் வெளிறுவதில்லை. கதிரில் அடியிலிருந்து நுனிவரை சிறிது சிறிதாக மலர்வதால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலாம். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் புதிய கதிர் விரைவில் வரும். நான் ஒன்றிரண்டைக் கிள்ளாமல் விட்டுவைப்பேன், ஏனெனில் காய்ந்த காயில் மழைத்துளி பட்டதும் அது பட்டென்று வெடித்து விதையைச் சிதறடிப்பதைப் பார்க்க என் பேத்தி திண்ணையில் காத்திருப்பாள். டெல்லி கனகாம்பரம் என்று விற்கப்படும் வகையில் விதை பிடிக்காது. அதைத் தண்டுக்குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும். இரண்டுக்கும் வேரில் நீர் தேங்கக் கூடாது. வாடலுக்கும் நூற்புழுவுக்கும் எளிதில் இரையாகும் செடி என்பதால், பாத்தியை அரையடி உயர்த்தி, வேப்பம் புண்ணாக்கு கலந்த பிறகே நட்டேன்.

அடுத்து டிசம்பர் பூ. நிழல் மிகுந்த மாதங்களிலேயே அது ஊதாவும் வெள்ளையுமாகப் பூப்பது நமக்கு வாய்த்த நல்ல பொருத்தம். பூ ஓய்ந்ததும் மாசியில் பாதி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். இல்லையெனில் ஒல்லியாக வளர்ந்து சாய்ந்துவிடும். சுவரோரம் மறைப்புக்கு அடுக்கு நந்தியாவட்டை வைத்திருக்கிறேன், பூஜைக்குத் தட்டுப்பாடில்லாமல் பூ கிடைக்கிறது. செங்காந்தளையும் முயலலாம், அதன் கிழங்கு நிழலிலும் கொடியின் தலை வெளிச்சத்திலும் இருப்பதையே விரும்பும். ஆனால் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு, குழந்தைகள் புழங்கும் வீட்டுக்கு ஆகாது என்பதால் நான் வைக்கவில்லை. பிழைத்த இரண்டு பீஸ் லில்லிகளை இப்போது தொட்டியில் வைத்து, சித்திரை பிறந்ததும் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுகிறேன்.

மரத்தடி நிழல் வேறு வகை. மாமரத்தின் கீழ் மண்ணின் ஈரத்தை மரத்தின் வேர்களே உறிஞ்சிக்கொள்வதால், அங்கே நிழலைவிட வறட்சிதான் செடியைக் கொல்கிறது. அவ்விடத்தில் குழி தோண்டி வேர்களை அறுப்பதைக் காட்டிலும் தொட்டிகளை வைப்பதே மேல்.

தங்கள் இணைப்பில் இனி ஒவ்வொரு செடியைப் பற்றி எழுதும்போதும், அதற்கு எத்தனை மணி நேர வெயில் வேண்டும் என்பதோடு, எந்த மாதங்களில் வேண்டும் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை