அபர்வானும் அரசியின் கைக்குட்டையும்: ஆய்வு மாணவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பிரிட்டனின் அரசி இரண்டாம் எலிசபெத்தைப் பற்றிய நெட்ஃப்ளிக்ஸ் தொடரான 'தி கிரவுன்'-ஐ, ஒற்றை உண்மை என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் பின்நவீனத்துவத்தின் வழியே வாசிக்கும் உன் ஆய்வின் மூன்றாம் இயலைப் படித்து முடித்தேன். பதிலைப் பொதுவில் எழுதலாமா என்று கேட்டதும் தயங்காமல் சரி என்றாய். இது உன் ஒருவனோடு நிற்கும் விஷயம் அல்ல என்பதால்தான் கேட்டேன். எந்த வரலாற்றுத் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "எல்லாமே கதையாடல்தானே", அதாவது யாரோ கோத்துச் சொல்லும் கதைதானே, என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் நம்மிடையே பரவிவிட்டது. உன் இயலின் கடைசிப் பத்தியும் அங்கேதான் போய் நிற்கிறது. அந்தப் பத்தியோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

கைக்குட்டைக் காட்சியை நீ வாசித்திருக்கும் விதம் அருமை. மூன்றாம் சீசனின் 'அபர்வான்' பகுதியில், ஒலிவியா கோல்மன் நடிக்கும் அரசி, 1966இல் சுரங்கக் கழிவுச் சரிவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அபர்வான் என்ற வேல்ஸ் கிராமத்துக்குப் போகிறார். அழுகை வரவில்லை. உலர்ந்த கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொள்கிறார். பிறகு பிரதமர் ஹரால்ட் வில்சனிடம் அதைச் சொல்லிவிடுகிறார். வில்சன் பதிலுக்குத் தம் ரகசியத்தைச் சொல்கிறார்: மக்கள் முன்னால் பைப், தனிமையில் சுருட்டு. அசல் இல்லாத நகல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியாரின் சிந்தனையை இந்த உரையாடலில் பொருத்தி, துக்கத்தின் சாயல் துக்கத்தின் இடத்தையே பிடித்துக்கொள்வதைக் காட்டியிருக்கிறாய். அந்தப் போலிக் கண்ணீரையும் ஒரு நடிகைதான் நமக்கு நடித்துக் காட்டுகிறார் என்ற உன் வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

'இது புனைவு' என்ற அறிவிப்பைப் பற்றிய சர்ச்சையிலும் உன் பக்கம்தான் நான். 2020 நவம்பரில் பிரிட்டனின் அன்றைய பண்பாட்டுத் துறை அமைச்சர் ஆலிவர் டவுடன் அப்படியோர் அறிவிப்பைக் கேட்டார், நெட்ஃப்ளிக்ஸ் மறுத்தது. 2022 அக்டோபரில் நடிகை ஜூடி டென்ச் 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதி அதையே கேட்டார். ஐந்தாம் சீசனின் முன்னோட்டத்துக்குக் கீழே புனைவு என்று ஒரு வரி சேர்ந்தது. அந்த வரியால் எதுவும் மாறிவிடவில்லை. அரசி அன்று உண்மையில் அழுதாரா என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு மணி நேரம் நம்மை அந்தக் கேள்விக்காகக் காத்திருக்க வைத்தார்களே, அதுதான் உறுத்துகிறது.

நீ மேற்கோள் காட்டும் அமெரிக்க வரலாற்றுக் கோட்பாட்டாளர் ஹேடன் வைட் இங்கே உனக்கு உதவியிருக்க வேண்டியவர். ஒரே நிகழ்வுகளைத் துன்பியலாகவும் கோக்கலாம், அங்கதமாகவும் கோக்கலாம், வீரக்கதையாகவும் கோக்கலாம். எப்படிக் கோக்கிறோம் என்பதில் ஓர் அறச்சார்பு ஒளிந்திருக்கிறது என்றார் அவர். நிகழ்வுகள் நடக்கவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படியானால் கோப்பதற்கு முன்னால் அபர்வானில் என்ன இருந்தது? உன் இயலில் அது ஒற்றை வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, காலை 9.15. மெர்த்தர் வேல் சுரங்கத்தின் கழிவை மலைமேல் கொட்டிக் கொட்டி எழுப்பிய ஏழாம் எண் குவியல் சரிந்து வந்து பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியை மூடியது. இறந்தவர்கள் 144 பேர், அவர்களில் 116 பேர் குழந்தைகள். குவியல் ஒரு நீரூற்றின் மேல் கொட்டப்பட்டிருந்தது. அந்த ஊற்று வரைபடங்களிலேயே குறிக்கப்பட்டிருந்தது. பள்ளிக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று 1963இலேயே உள்ளூர் நிர்வாகப் பொறியாளர் ஒருவர் எழுதியிருந்தார். ஆனாலும் சுரங்கங்களை நடத்திய தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவர் ராபன்ஸ் பிரபு, அறியப்படாத ஊற்றுகளே காரணம் என்றார். எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான தீர்ப்பாயம் 76 நாள் விசாரித்து, 1967 ஆகஸ்டில் பழி வாரியத்தையே சேரும் என்று அறிவித்தது. ஒருவர் மீதும் வழக்கு இல்லை, ஒருவருக்கும் வேலை போகவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1968இல், நடந்ததை நீ எழுதவே இல்லை. ஊருக்கு மேலே மிச்சமிருந்த குவியல்களை அகற்றச் சொல்லி மக்கள் போராட வேண்டியிருந்தது. அகற்றும் செலவுக்காக, உலகெங்கிலுமிருந்து அந்தக் குடும்பங்களுக்கென்று வந்து சேர்ந்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அந்தப் பணம் 1997இல்தான் திரும்பி வந்தது, அதுவும் வட்டி இல்லாமல். எடுத்தபோது ஆட்சியில் இருந்தது வில்சனின் அரசு. பைப்பையும் சுருட்டையும் பற்றிக் கனிவாகப் பேசி அரசியைத் தேற்றுகிறாரே, அதே வில்சன்! அந்தப் பகுதியின் கதை 1966இல் நின்றுவிடுவதால் அவர் நமக்குக் கடைசிவரை நல்ல மனிதராகவே இருக்கிறார்.

முதல் காட்சிகள் ஊருக்குள் நடக்கின்றன, அவை கவனத்தோடும் மரியாதையோடும் எடுக்கப்பட்டவை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் சரிவுக்குப் பிறகு கதை மெல்ல அரண்மனைக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. முடிவில் தனியாக அமர்ந்து பாட்டுக் கேட்கும் அரசியின் கண்ணில் நீர் வருகிறது, நமக்கும் மனம் ஆறிவிடுகிறது. 116 பிள்ளைகளின் சாவு ஓர் அரசிக்கு அழ வருமா என்ற கேள்விக்குப் பின்னணி ஆகிவிட்டது. வைட்டை வைத்துக்கொண்டு நீ பிரித்துக் காட்டியிருக்க வேண்டியது கதையை இப்படிக் கோத்திருப்பதைத்தான்.

இன்னொன்று. இறப்பு விசாரணையில் பிள்ளைகளின் பெயர்களைப் படித்து, மூச்சுத்திணறல், பலத்த காயங்கள் என்று காரணத்தைச் சொல்லிவந்தபோது ஒரு தந்தை எழுந்து மறித்தார். "தேசிய நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டது" என்று பதிவு செய்யுங்கள் என்றார். நிலக்கரித் தொழில் 1947இல் தேசியமயமானது. சுரங்கங்கள் இனி மக்களின் சொத்து என்ற பெருங்கதையாடலை நம்பி வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. பெருங்கதையாடல்களின் மீதான அவநம்பிக்கையைப் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979இல் எழுதினார். அந்தத் தந்தை 13 ஆண்டுகளுக்கு முன்பே அதிகாரத்தின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட்டார். அவர் உண்மையைக் கைவிட்டுவிட்டுச் சொல்லவில்லை. இதுதான் உண்மை, இதை எழுது என்று கேட்டார்.

எல்லாமே கதையாடல்தான், எதுவும் எதற்கும் மேல் இல்லை என்று நீ முடித்தால், ராபன்ஸின் ஊற்றுக் கதைக்கும் இந்தத் தந்தையின் வாக்கியத்துக்கும் ஒரே எடை ஆகிவிடும். யூத இனப்படுகொலையை எப்படிச் சித்தரிப்பது என்பது பற்றி 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த கருத்தரங்கில் இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் வைட்டை எதிர்த்து நின்றது இந்த இடத்தில்தான். அந்த விவாதத்தைத் தொடாமல் உன் இயல் முழுமையாகாது.

தொண்ணூறுகளில் 'நிறப்பிரிகை' போன்ற சிற்றிதழ்கள் இந்தப் பின்நவீனத்துவச் சிந்தனைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது அவை தலித் அரசியலோடும் விளிம்புநிலை மக்களின் குரலோடும் சேர்ந்தே வந்தன. யார் பேசுகிறார்கள், யாருடைய வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கத்தான் நம் முன்னோடிகள் அவற்றைக் கையில் எடுத்தார்கள். அந்தக் கூர்மை உன் கைக்கு வரும்போது மழுங்கிவிடக் கூடாது என்று ஆசைப்படுகிறேன், தம்பி.

போத்ரியார் பக்கங்களில் ஒரு வரியைக்கூட வெட்டாதே. அவற்றை அடுத்து 1968இல் நிவாரண நிதிக்கு நடந்ததை வை. கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிடு. டேவிஸ் தீர்ப்பாயத்தின் அறிக்கையை முழுதாகப் படித்துவிட்டு எழுத உட்கார். அதுவும் ஒரு பிரதிதான், அதையும் கேள்வி கேள். அடுத்த வரைவை எனக்கு அனுப்பிவிட்டு உன் நெறியாளரிடம் கொடு.

அன்புடன்,
அக்கா