பிள்ளைகளையும் பறித்தார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பற்றிய கட்டுரையில் நிலம் பறிபோனது விரிவாக வந்திருந்தது. பிள்ளைகள் பறிபோனது ஏனோ ஒரே வரியில் முடிந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1915-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க நீதிமன்ற உத்தரவுகூடத் தேவைப்படவில்லை. அரசின் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் நினைத்தால் போதும். அப்படிப் பிரித்த பிள்ளைகளை வைத்த கின்செலா விடுதியில் சிறுவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கூட்டமுந்த்ரா விடுதியில் சிறுமிகளை வீட்டுவேலைக்குப் பழக்கி வெள்ளையர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்களின் கூலியையும் வாரியமே பிடித்து வைத்துக்கொண்டது. பலர் கைக்கு அது வந்து சேரவேயில்லை. 2008-ல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். சரி, அதுவாவது நடந்தது. ஆனால், இன்றும் அங்கே வீட்டைவிட்டுப் பிரிக்கப்பட்டு அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேர் பூர்வகுடியினர். இதைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.

- வாசகர், திருநெல்வேலி