பாட்டுப்பெட்டி செய்பவர்களே, பேட்டரியை ஏன் ஒட்டி வைக்கிறீர்கள்?

கையடக்கப் பாட்டுப்பெட்டிகளை (எம்பி3 பிளேயர்களை) வடிவமைத்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பதினோரு வருடம் என் சட்டைப்பையில் இருந்த பாட்டுப்பெட்டி போன மாதம் செத்துப்போனது. யார் செய்த பெட்டி என்று சொல்லப்போவதில்லை. முதலில் திரை ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டது. எப்போதோ கீழே போட்டதால் வந்த வினை என்று நினைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்தேன். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கொண்டுபோய்க் காட்டினால், கடைக்காரர் ரப்பர் பேண்டைக் கழற்றியதுமே சொல்லிவிட்டார்: “பேட்டரி உப்பிருச்சு சார். நல்லவேளை, இதுக்குப் போய் சார்ஜ் போடாம எடுத்துட்டு வந்தீங்க.” முந்தின ராத்திரிதான் தலைமாட்டில் வைத்து சார்ஜ் போட்டிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அதே அளவில் வேறொரு பேட்டரி அவரிடமே இருந்தது. ஆனால் பழையதைப் பசை போட்டு ஒட்டியிருந்தீர்கள். அதன் கம்பிகளை நேராக போர்டில் பற்றவைத்திருந்தீர்கள். சூடு காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி, பிள்ளைக்கு முள் எடுப்பதுபோல் அரைமணி நேரம் பிரித்தார். பேட்டரி வந்தது. கூடவே போர்டில் மின்சாரம் ஓடும் செப்புத் தடமும் பெயர்ந்து வந்தது. பெட்டி அத்தோடு முடிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செருகிக் கழற்றுகிற மாதிரி ஒரு சின்ன கனெக்டர் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். அதுதான் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

1979 ஜூலையில் சோனி வெளியிட்ட முதல் வாக்மேன் இரண்டு பென்சில் செல்லில் ஓடியது. இரண்டு பேர் கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள். பாட்டைத் தணித்துவிட்டுப் பக்கத்திலிருப்பவரோடு பேச ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். செல் தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். 2001 அக்டோபரில் 5 ஜிபி வட்டோடு வந்த ஆப்பிளின் ஐபாட் வரிசை 2022 மே மாதம் முடித்துவைக்கப்பட்டது. ஆனால் பழைய ஐபாட் கிளாசிக்கைத் திறந்து, சுழலும் வட்டை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்தி, புது பேட்டரியும் போட்டு ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைத் திறப்பது ஒன்றும் சுலபமில்லை. திறந்த பிறகு உள்ளே இருப்பதைக் கழற்றி மாட்டலாம், அவ்வளவுதான்.

“போன்லயே கேட்டுக்கலாமே” என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்லிவிட்டார்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயிலில் காலை எட்டரைக்கு ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஒரு கை மேலே கம்பியில்; இன்னொரு கை பையை அணைத்தபடி. அந்தக் கையின் கட்டைவிரல் சட்டைப்பைக்கு வெளியிலிருந்தே துணியோடு சேர்த்து பொத்தானை அழுத்தும், பாட்டு மாறும். கண்ணால் பார்க்கவே வேண்டாம். தொடுதிரையில் இது நடக்காது. தோடி ஆலாபனை உச்சிக்கு ஏறும்போது கடன் வேண்டுமா என்று யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.

மாற்றுப் பெட்டி தேடி உங்கள் கடைகளில் ஏறி இறங்கினேன். நல்ல பெட்டி என்று காட்டியதில் பாதி, பேச முடியாத போன்: ஆண்ட்ராய்டு, பெரிய தொடுதிரை, வைஃபை. மீதி விலை மலிவு. அவற்றில் தமிழ் படும் பாடு தனிக்கதை. பாட்டின் பெயரைத் தமிழில் எழுதிப் போட்டால் ஒன்றில் கட்டம் கட்டமாக வந்தது. இன்னொன்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் சேமிக்கப்படும். திரையில் இடம் மாற்றிக் காட்டுவது உங்கள் மென்பொருளின் வேலை. அது நடக்காததால் நாங்கள் பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டு வைக்கிறோம். என் பெட்டியில் இளையராஜா நான்கு எழுத்துக்கூட்டலில் நான்கு ஆளாக இருந்தார். பெரியப்பாவின் கேசட்டுகளிலிருந்து மாற்றிய கச்சேரிகளில் ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில், கோப்பு மாறும்போது விழும் அந்த அரை நொடி வெட்டும் உங்கள் மென்பொருளின் குறைதான். சினிமாப் பாட்டில் தெரியாது. கச்சேரியில் படியிறங்கும்போது ஒரு படி இல்லாததுபோல் இருக்கும்.

இதில் எல்லாவற்றையும் இப்போதே கேட்கவில்லை. பேட்டரி ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. அங்கே அனுப்பும் பெட்டிக்கு எப்படியும் திருகாணி போடப்போகிறீர்கள். இங்கே வரும் பெட்டிக்கு மட்டும் பசை தடவ வேண்டாம். இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. அங்கே போய்ப் பார்த்தால் போன், கார், உழவு இயந்திரம், வீட்டு உபயோகப் பொருள் என்றுதான் பேச்சு. பாட்டுப்பெட்டியை ஒரு பொருளாக நினைக்கிற கடைசி ஆட்கள் நீங்களும் நாங்களும்தான் போலிருக்கிறது.

விலை கூடுமே என்பீர்கள். ஒரு கனெக்டருக்கும் நான்கு திருகாணிக்கும் நூறு இருநூறு ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், தருகிறேன். தடிமன் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, சட்டைப்பை தாங்கும்.

அப்படி ஒன்று வந்தால் சொல்லுங்கள். கடையில் வாங்கியவுடன் நேராக ரிச்சி தெருவுக்குத்தான் எடுத்துப்போவேன். அவர் பின்மூடியைத் திறந்து பார்த்துத் தலையசைத்த பிறகுதான் பாட்டு ஏற்றுவேன்.

இப்படிக்கு,
காதில் ஒன்றும் மாட்டாமல் ரயிலில் போய்வரும் ஒரு வாடிக்கையாளன்