விலை படிந்தால் மட்டும் போதாது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. உமாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதி. பையனுக்கு வேலை கிடைத்ததைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய், உன் பழைய குணம் மாறவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டுட்கார்ட் பக்கம் ரோபோ பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியை உங்கள் ஆட்கள் வாங்கப் போகிறார்கள், விலை படிந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்கிறாய். எனக்குக் கொஞ்சம் உதறல். இங்கே ஜெர்மனியில் இப்போது விலை படிவது பாதி வேலைதான், அரசும் சரி என்று சொல்ல வேண்டும்.

2016-இல் ஆக்ஸ்பர்க் நகரத்து கூகா ரோபோ நிறுவனத்தைச் சீனாவின் மிடியா வாங்கியபோது அரசுக்கு மனசே இல்லை, ஆனாலும் தடுக்கவில்லை. 2018-இல் 50ஹெர்ட்ஸ் என்ற மின்கடத்தல் நிறுவனத்தில் 20 சதவீதத்தைச் சீன அரசு நிறுவனம் ஒன்று கேட்டது. வெளியாட்கள் 25 சதவீதமாவது வாங்கினால்தான் அரசு தலையிடலாம் என்பது அப்போது சட்டத்தின் வரம்பு, கைவைக்க வழியில்லை. அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூ-வை விட்டு அந்தப் பங்கை வாங்க வைத்தார்கள்! அந்த வருஷக் கடைசியிலேயே மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு மாதிரியான துறைகளுக்கு வரம்பு 10 சதவீதமாக இறங்கியது. 2021 மே மாதம் செமிகண்டக்டர், செயற்கை நுண்ணறிவு, ரோபோ என்று ஒரு நீளப் பட்டியலைச் சேர்த்தார்கள். அவற்றுக்கு 20 சதவீதம்.

நீங்கள் வாங்குவது ரோபோ சமாசாரம். அந்தப் பட்டியலில் வந்தால் பொருளாதார அமைச்சகத்திடம் சொல்லியே ஆகவேண்டும். அனுமதி வரும்வரை பங்கு கைமாறக் கூடாது, முக்கியமான தொழில்நுட்ப விவரங்களையும் வாங்கிப் பார்க்கக் கூடாது. மீறினால் 5 வருஷம் வரை சிறை. உங்கள் எஞ்சினியர்கள் ஆர்வக்கோளாறில் டிராயிங்கைக் கேட்டுவிடப் போகிறார்கள், முதலிலேயே சொல்லி வை.

"நாங்கள் என்ன சீனாவா?" என்று கேட்பாய். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து யார் வந்தாலும் இதே வாசல்தான். உள்ளே இருந்து வந்தால்கூடப் பின்னால் யார் என்று பார்க்கிறார்கள். டார்ட்மண்டில் எல்மோஸ் தன் சிப் ஆலையை ஒரு ஸ்வீடன் நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தது. அந்த ஸ்வீடன் நிறுவனத்தின் தாய் நிறுவனம் சீனாவில் இருந்ததால் 2022 நவம்பரில் தடை. கடைசியில் அமெரிக்காவின் லிட்டல்ஃப்யூஸ் வாங்கிக்கொண்டது.

ஆனால் எனக்குத் தடையைவிடப் பயம் தருவது சில்ட்ரானிக் கதைதான். சிப்புக்கான சிலிக்கான் தகடு செய்யும் மியூனிக் கம்பெனி அது. தைவானின் குளோபல்வேஃபர்ஸ் 435 கோடி யூரோவுக்கு வாங்கச் சம்மதித்தது. எல்லா அனுமதியும் வந்தாக வேண்டிய கடைசி நாள் என்று ஒப்பந்தத்தில் இருந்தது 2022 ஜனவரி 31. சீனப் போட்டி ஆணையத்தின் அனுமதி வந்ததே அதற்குப் பத்து நாள் முன்னால்தான். அதைப் பரிசீலிக்க நேரம் போதவில்லை என்றது பெர்லின் அமைச்சகம். தேதி தாண்டியது, ஒப்பந்தம் செத்தது. யாரும் 'கூடாது' என்று ஒரு வரி எழுதவில்லை. வாங்க வந்தவர்கள் 5 கோடி யூரோ தண்டம் கட்டிவிட்டுப் போனார்கள்.

அதனால் விலையில் அரை சதவீதம் குறைக்க மல்லுக்கட்டுவதைவிட அந்தக் கடைசித் தேதிக்காகச் சண்டை போடுங்கள். முதல் பார்வைக்கு அமைச்சகத்துக்கு 2 மாதம். தோண்டிப் பார்க்க முடிவெடுத்தால், காகிதமெல்லாம் முழுசாக வந்த பிறகு இன்னும் 4 மாதம், சிக்கலானால் அதுவும் நீளும். நடுவில் ஒரு விவரம் கேட்டுக் கடிதம் போட்டால் கடிகாரம் நின்றுவிடும். தேதியைத் தள்ளிப்போட யாருக்கு உரிமை, அனுமதி வராவிட்டால் யார் பணம் கட்டுவது, இரண்டையும் எழுத்தில் வாங்கு. வழக்குப் போடலாம்தான். ஹேயர் மெடிக்கல் என்ற மருத்துவக் கருவி கம்பெனி விஷயத்தில் அமைச்சகம் போட்ட தடையை 2023-இல் பெர்லின் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் தீர்ப்பு வரும்வரை எந்த விற்பவன் காத்திருப்பான்? நாட்டுப் பாதுகாப்பு என்ற கவலையை நான் குறை சொல்லவில்லை. முடிவு சொல்லாமல் நாளைக் கடத்துவதுதான் பிடிக்கவில்லை.

வெளிநாட்டு அரசு மானியத்தைப் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் பிரஸ்ஸல்ஸில் போட்ட புது விதியைக் கேட்டிருந்தாய். வாங்கப்படும் கம்பெனிக்கு ஒன்றியத்துக்குள் 50 கோடி யூரோவாவது விற்றுமுதல் இருந்தால்தான் அறிவிக்கும் கட்டாயம், உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

அப்புறம், கையெழுத்துக்கு வரும்போது பொறுமையையும் கொண்டு வா. இங்கே ஜிஎம்பிஹெச், அதாவது நம் பிரைவேட் லிமிடெட் மாதிரியான கம்பெனியின் பங்கு கைமாற நோட்டரி முன்னால் பத்திரம் வேண்டும், அவர் ஒப்பந்தத்தை முழுக்க வாய்விட்டுப் படிப்பார். நூறு பக்கமானாலும் படிப்பார். மதியத்துக்கு மேல் எல்லாருக்கும் கண் சொருகும். அவர் குரல் மட்டும் மாறாது.

உங்கள் கம்பெனியில் ஒரு வளைகுடா ஃபண்டு பங்கு வைத்திருக்கிறது என்று முன்பு சொன்னாயே, அதன் விவரத்தை இப்போதே திரட்டி வை. அமைச்சகத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். போர்டு மீட்டிங்குக்கு முன்னால் ஒப்பந்த வரைவை எனக்கு அனுப்பு, தேதிப் பிரிவை மட்டுமாவது பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி