ஜூஸ் கவுண்டரை இனி நீங்களே கட்டுங்கள்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேரம் வாய்த்தது. விஷயம் இதுதான். வரும் ஆவணியிலிருந்து கல்யாண ரிசப்ஷனுக்கான ஜூஸ் கவுண்டர் அலங்காரத்தை நாங்கள் ஆர்டராக எடுப்பதில்லை. மேடை, வாசல், மணவறை எல்லாம் எப்போதும்போல உண்டு, கவுண்டர் மட்டும் கிடையாது. அதற்குப் பதிலாக வேண்டிய சாமானைத் தருகிறோம், கட்டுகிற விதத்தையும் சொல்லித் தருகிறோம். நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

ஏன் என்று கேட்பீர்கள். நம் பக்கம் ரிசப்ஷன் பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். மண்டபச் சாவி கைக்கு வரவே மதியம் ஆகிவிடும், அப்புறம் இருக்கிற நாலு மணி நேரத்தில் பையன்கள் அத்தனை பேரும் மேடையில்தான் நிற்க வேண்டும். அதில் இரண்டு பேரைப் பிரித்துக் கவுண்டருக்கு அனுப்பினால் மேடை பிந்துகிறது, வெளியாளைக் கூப்பிட்டால் கூலி ஏறுகிறது. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தோம். போன வைகாசியில் ஓர் அக்கா பில்லைப் பார்த்துவிட்டு, "இந்த நாலு ஓலைக்கும் ஆறு பாட்டிலுக்குமா தம்பி ஒன்பதாயிரம்?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரி. சாமான் விலை அதில் நாலில் ஒரு பங்குகூட வராது, மீதி எல்லாம் அவசரத்துக்குக் கொடுக்கிற காசு. வீட்டில் நாலு பெண்பிள்ளைகளும் இரண்டு விடலைப் பையன்களும் இருந்தால் முந்தின ராத்திரியே பேசிக்கொண்டே முடித்துவிடுகிற வேலை அது.

சிலர் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு 'பார் டெக்கரேஷன்' வேண்டும் என்று போன் செய்கிறார்கள். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் கேட்டபடியே 'ஜூஸ் பார்' என்று கொட்டை எழுத்தில் பலகை வைத்தோம். பெண்ணின் தாத்தா 'பார்' என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு மண்டபத்துக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார், நன்னாரி சர்பத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் உள்ளே அழைத்துவர வேண்டியிருந்தது. அதனால் பலகையில் என்ன எழுதுவது என்பதையும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எல்லாரும் செய்கிற முதல் தப்பு, மேசையின் முன்பக்கத்தில் காசைக் கொட்டுவது. ஆறு மணிக்குப் போட்டோ எடுக்கும்போது அது அழகாகத்தான் இருக்கும். ஏழு மணிக்குக் கூட்டம் வந்து மேசையை மொய்த்துக்கொண்டு நிற்கும், அப்புறம் கடைசிவரை அந்த முன்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடம் இரண்டே இரண்டு. ஒன்று தலைக்கு மேலே, ஏழடி உயரத்தில். இன்னொன்று மேசைமேல், டம்ளரை எடுக்கக் கை நீள்கிற இடம். கையில் இருக்கிற காசையும் நேரத்தையும் அந்த இரண்டு இடத்தில் வையுங்கள்.

முன்பக்கத்துக்கு ஒரு பழைய சேலை போதும். மண்டப மேசை பெரும்பாலும் ஆறடி நீளம், இரண்டரை அடி உயரம் இருக்கும். சேலை ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி. ஆறடி மேசைக்கு மூன்று மடங்கு, கொசுவம் வைக்க அளவெடுத்தது போல இருக்கிறது பாருங்கள். அகலம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் தரையைத் தொடாமல் நிறுத்திவிட்டு மிச்சத்தை மேசைமேல் மடித்துவிடலாம். மேசை விளிம்புக்குக் கீழே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, கொசுவத்தை அதில் ஊக்கால் குத்தினால் முடிந்தது. ஆணி வேண்டாம், செலோ டேப்பும் வேண்டாம், இரண்டுக்கும் மண்டபத்துக்காரர் அட்வான்ஸில் கை வைப்பார். பட்டுச் சேலையைத் தொடாதீர்கள். சாயம் போகாத பழைய சுங்குடிச் சேலை நம் மதுரையில் எந்த வீட்டுப் பீரோவிலும் ஒன்று இருக்கும், அதைவிட லட்சணமான துணி இதற்குக் கிடையாது.

தலைக்கு மேலே வேண்டியது ஒரு சட்டம். இரண்டு 15 கிலோ எண்ணெய் டின், இரண்டு சவுக்குக் கம்பு, எட்டடி உயரத்தில். கம்பை டின்னில் நிறுத்தி மணலை நிரப்பிக் குத்திவிட்டால் ஒவ்வொன்றும் 25 கிலோ தேறும், குழந்தைகள் ஓடி இடித்தாலும் சட்டென்று சாயாது. டின்னைச் சுற்றிச் சாக்குத் துணி, அதன்மேல் சணல் கயிறு. கம்புகளுக்கு நடுவே இரண்டு கயிற்றைக் கட்டினால் தோரணம் தொங்கவிட இடம் தயார். டின்னும் கம்பும் எங்களிடம் வாடகைக்கு உண்டு.

இனி ஓலை. குருத்தோலை என்றதும், அது கிளி பின்னத் தெரிந்தவர்கள் வேலை என்று பயந்துவிடுகிறார்கள். கிளி வேண்டாம். சின்ன வயதில் தென்னோலையில் காற்றாடியும் பீப்பியும் கைக்கடிகாரமும் செய்த கைதானே உங்கள் கை? அது போதும். எங்கள் கடையில் ஓலை கட்டுகிற பெரியவர் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது விசிறிப் பூ. ஓர் ஓலையை எடுத்து ஈர்க்கை நகத்தால் கீறி உருவிவிடுங்கள், ஈர்க்கைத் தூரப் போட வேண்டாம். இரண்டு விரல் அகலத்தில், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு நாடாவாக நறுக்கிக்கொண்டு, பிள்ளைகள் காகித விசிறி மடிப்பது மாதிரி முன்னும் பின்னுமாக விரல் அகலத்துக்கு மடியுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்த வேண்டும், இதில் சோம்பல்பட்டால் பூ விரியாது. மடித்ததும் கீழ் ஓரத்தில் அந்த ஈர்க்குத் துண்டை ஒரே குத்தாகக் குத்திவிட்டு மேல் ஓரத்தை விட்டால் விசிறி தானாக விரிந்துகொள்ளும். வெளிர்மஞ்சளும் இளம்பச்சையும் கலந்த அந்த நிறத்துக்குப் பெயின்ட் கடையில் பெயர் கிடையாது. முதல் பூவுக்குப் பத்து நிமிடம் ஆகும், இருபதாவது பூவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. முப்பது பூ இருந்தால் ஆறடிக் கயிறு நிறைந்துவிடும். இடையிடையே ஒரு மாவிலை, கீழே தொங்க ஒரு செண்டுமல்லி. போதும், அதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள்.

முந்தின ராத்திரி மடித்தால் ஈரத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள், மறுநாள் ராத்திரி பத்து மணி வரை தாங்கும். அதற்கடுத்த நாள் ஓரம் பழுத்துச் சுருள ஆரம்பிக்கும், ஆனால் அதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். இன்னொன்று, வீட்டுத் தென்னையில் நீங்களே ஏறிக் குருத்தை வெட்டாதீர்கள். தென்னைக்கு உயிர்முனை ஒன்றே ஒன்றுதான், பக்கக்கிளை விட்டுப் பிழைக்கிற மரம் இல்லை. தெரிந்த ஆள் ஓலையை மட்டும் எடுப்பார், தெரியாத ஆள் மரத்தையே எடுத்துவிடுவார்.

மேசைமேல் என்ன வைக்கலாம்? பன்னீர் சோடா பாட்டில், பழைய ஊறுகாய் ஜாடி, எதுவானாலும் கழுவிக் காயவைத்துக் கழுத்தில் மட்டும் சணல் சுற்றி இரண்டு கொத்து வாடாமல்லி செருகுங்கள். பேருக்கேற்ற பூ அது, காய்ந்தாலும் நிறம் போகாது, முகூர்த்த நாளிலும் விலை எகிறாது. மல்லிகையை இங்கே வீணாக்க வேண்டாம். தை மாதப் பனியில் வரத்துக் குறையும்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரக்கணக்கில் போகிற பூவைச் சர்பத் பக்கத்தில் வைத்தால், வாசத்தோடு வாசம் மோதி இரண்டும் கெடும். சணலை ஒட்ட ஃபெவிகால் போதும். போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசையை யாரிடமாவது வாங்கி வந்துவிடாதீர்கள், பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள், அது விஷம்.

விஷம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். அரளிப் பூவைக் கவுண்டர் பக்கமே கொண்டுவராதீர்கள். விலை மலிவு, நிறம் அழகு, சரம் தொடுக்க லேசு, எல்லாம் உண்மைதான். ஆனால் பூ, இலை, தண்டு, விதை என்று அந்தச் செடியில் விஷம் இல்லாத பாகமே இல்லை. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்ப்பதை நிறுத்திவிட்டது. குடிக்கிற டம்ளருக்கு மேலே அதைத் தொங்கவிட்டால் ஒரு இதழ் உள்ளே விழ எவ்வளவு நேரம் ஆகும்? நாங்கள் மேடைக்கு அரளி கட்டுவோம், கவுண்டருக்குக் கட்டவே மாட்டோம்.

பலகைக்கு முறம் எடுத்துக்கொள்ளுங்கள். புது மூங்கில் முறத்தின் பின்பக்கத்தில் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்து, காவியால் எழுதினால் தூரத்திலிருந்தே தெரியும். நன்னாரி, பானகம், நீர்மோர் என்று மூன்று முறம், மூன்றும் தலைக்கு மேலே. வீட்டிலேயே நன்றாகக் கோலம் போடுகிறவரை எழுதச் சொல்லுங்கள், அச்செழுத்து மாதிரி இருக்க வேண்டும் என்று அவரைப் படுத்தாதீர்கள், கொஞ்சம் கோணினால்தான் அழகு.

விளக்குக்குப் பேட்டரியில் எரிகிற சரவிளக்கு மட்டும்தான். ஐஸ் உருகித் தரை முழுக்க ஈரமாகிற இடத்தில் சுவரிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். கொட்டாங்குச்சியில் ஆணியைக் காய்ச்சிப் பத்துப் பதினைந்து துளை போட்டு, அதற்குள் சரவிளக்கைச் சுருட்டி வைத்தால் மேசைத் துணியில் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் விழும். பார்க்கிறவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள்.

எங்கள் கையால் நடந்த ஒரு கூத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ரிசப்ஷனில் கலர் காகிதப் பூக்களை மேசை விளிம்பு நெடுக ஒட்டியிருந்தோம். ஐஸ் வாளி வியர்க்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். எட்டு மணிக்கெல்லாம் சிவப்புச் சாயம் இறங்கி ஓட ஆரம்பித்தது, மேசையில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்த தாய்மாமனின் பட்டு வேட்டியில் ஒரு கோடு. மனிதர் தங்கமானவர், சிரித்துக்கொண்டே போய்விட்டார், வேட்டிக் காசை நாங்கள்தான் வற்புறுத்திக் கொடுத்தோம். அன்றோடு கலர் காகிதம் கவுண்டருக்குக் கிடையாது. அதே காரணத்துக்காக வாழைத்தண்டையும் அன்று காலையில் வெட்டி அப்படியே கொண்டுவந்து நிறுத்தாதீர்கள், வெட்டுவாயில் பால் சொட்டும், வாழைக்கறை பட்ட துணிக்கு எந்தச் சோப்பும் மருந்தில்லை. வெட்டுவாயை நன்றாகத் துடைத்து வாழைமட்டையால் மூடிக் கட்டிவிட்டால் பிரச்சினை இல்லை.

தெர்மாகோல் எழுத்து வேண்டும் என்று இன்னமும் கேட்கிறார்கள். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதலே பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலும் பிளாஸ்டிக் பூசின காகிதக் கப்பும் கூடாது. ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. சமையல்காரரிடம் நூறு எவர்சில்வர் டம்ளர் கூடுதலாகக் கேட்டு வாங்கி மேசையின் ஒரு ஓரத்தில் கோபுரம் மாதிரி அடுக்கிப் பாருங்கள், சரவிளக்கு வெளிச்சம் அதில் பட்டால் வேறு அலங்காரமே தோற்றுவிடும். கழுவ மட்டும் ஒரு ஆளைச் சொல்லி வையுங்கள்.

டம்ளரிலிருந்து புகை வருகிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்கிற மாப்பிள்ளைத் தோழர்களுக்கு: முடியாது. அந்தப் புகை திரவ நைட்ரஜனை ஊற்றி வரவழைப்பது, அந்த விவகாரத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையே 2024 ஏப்ரலில் எச்சரிக்கை விட்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் சேர்த்துப் பார்த்தால், சேலையும் பாட்டிலும் வீட்டிலேயே இருக்கிற பட்சத்தில், ஒரு கவுண்டருக்கு 2,000 ரூபாயைத் தாண்டாது. ஓலை, செண்டுமல்லி, வாடாமல்லி, சணல், முறம், டின் வாடகை எல்லாம் அதில் அடக்கம். குருத்தோலைக்கு மட்டும் ஐந்து நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், முகூர்த்தம் நெருங்கி வந்து கேட்டால் எங்களிடமும் இருக்காது.

ஆடி முடிகிற வரை சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கடை மாடியில் பெரியவர் விசிறிப் பூ சொல்லித் தருகிறார். காசு வேண்டாம், கத்தரிக்கோல் மட்டும் கொண்டுவாருங்கள். கிளியும் கற்றுக்கொண்டே தீர்வேன் என்கிறவர்கள் அவரிடமே கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு அவர் மனம் எப்படி இருக்கிறதோ.

டின்னையும் கம்பையும் கல்யாணம் முடிந்த மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மணலை மண்டப வாசலில் கொட்ட வேண்டாம், டின்னோடு அப்படியே ஆட்டோவில் ஏற்றிவிடுங்கள். அடுத்த வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் அலங்காரக் கடை, மதுரை