உரம் போட்ட வயலின் வாமடை: நம்ம கண்மாய்ச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் அண்ணனுக்கும், நிர்வாகத்தாருக்கும், மூன்று மடை ஆயக்கட்டுக்காரர்களுக்கும் வணக்கம்.

பெரியாறு கால்வாயில் தண்ணி திறக்குமுன் கூட்டம் போடுவோம். கரைக் காவல், மீன்பாசி ஏலம், மடை திறந்து தண்ணி பாய்ச்சுகிற நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி நெல், பழைய சண்டை என்று பொழுது போய்விடும். இந்தத் தடவை இன்னொன்றும் பேச வேண்டும்: நம்ம வயல் உரம் வடிகால் தண்ணியோடு கண்மாய்க்குப் போவதை. எழுந்து சொன்னால் பாதியில் உட்கார வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதிவிட்டேன்.

முதலில் என் தப்பு. போன ஐப்பசியில் நடவுக்கு முந்தின நாள், ஒரு ஏக்கருக்கு இரண்டு மூட்டை டிஏபி வீசினேன். அன்று ராத்திரியே அடைமழை. விடியக்காலம் போனால் வரப்பு தளும்பி நிற்கிறது. மம்பட்டியால், வரப்பில் தண்ணி வடிகிற வாமடையை வெட்டிவிட்டேன். தொழிச்சேறு கலங்கிய செந்தண்ணி குபுகுபுவென்று ஓடையில் இறங்கியது. 2,700 ரூபாய் உரத்தில் எவ்வளவு அதோடு போனதோ, அன்றைக்கு அது தோன்றவே இல்லை. நாற்று மூழ்கக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

அந்த ஓடை போய்ச் சேருவது கீழூர்க் கண்மாய். மேற்கே இருக்கிற ஊர் வயல்களின் வடிகால் நம்ம கண்மாய்க்கு வருகிறது. நாம் கீழூருக்கு அனுப்புவது மாதிரியேதான் மேற்கு ஊர்க்காரர்கள் நமக்கு அனுப்புகிறார்கள்.

சித்திரையில் நம்ம கண்மாயில் மீன் செத்து மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். யாரோ மருந்து கலந்துவிட்டான் என்று ஸ்டேஷன் வரைக்கும் போகப் பார்த்தோம். நான் அன்று விடியலில் கரையில்தான் நின்றேன். தண்ணி பச்சைப் பெயிண்ட் கரைத்த மாதிரி. கையை விட்டு எடுத்தால் விரலிடுக்கில் பசைபோல் ஒட்டியது. கட்லா, ரோகு, கெண்டை எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. விரால் மட்டும் தப்பியது. அது மேலே வந்து காற்றைக் குடிக்கிற ஜாதி. மருந்தென்றால் அதுவும் அல்லவா செத்திருக்க வேண்டும்? பாசி பகலில் உயிர்க்காற்றை விடும், ராத்திரியில் அதுவே இழுத்துக்கொள்ளும். அழுகுகிற பாசி மீதியையும் தின்றுவிடும். விடிகிற நேரத்தில் மீனுக்கு மூச்சு இருக்காது. நீலப்பச்சைப் பாசியில் சில வகை நஞ்சும் கக்கும். குடிக்கிற மாட்டுக்கு ஈரல் கெடும்.

பாசிக்குத் தீனி, டிஏபியில் நாம் வீசுகிற மணிச்சத்து (பாஸ்பரஸ்). 1973-ல் கனடாவில் ஒரு ஏரியின் குறுக்கே பிளாஸ்டிக் திரை கட்டி, ஒரு பக்கம் தழைச்சத்தும் கரிமமும் மட்டும் போட்டார்கள், மறுபக்கம் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தார்கள். மணிச்சத்து போட்ட பக்கம்தான் பச்சையானது. நகரத்துக் கண்மாய் என்றால் சாக்கடை, சோப்புத் தண்ணி என்று கைகாட்டலாம். நம்ம வரத்துக்கால் நெடுகிலும் இருப்பது வயல்தானே.

மண்ணோடு சேர்ந்த மணிச்சத்து யூரியா மாதிரி சீக்கிரம் கரைந்து ஓடுகிறதல்ல. செம்மண்ணில் இரும்போடும் கரிசலில் சுண்ணாம்போடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மண் போனால்தான் அதிகமும் அது போகும். ஆகவே கலங்கின தண்ணியை வடிக்கிறவன் உரத்தையும் சேர்த்தே வடிக்கிறான். மேலுரமாக டிஏபியைத் திரும்பவும் வீசுகிற சித்தப்பாமார்களுக்கும் இதைச் சொல்லுகிறேன். நெல்லுக்கு மணிச்சத்து முழுவதும் அடியுரத்தோடு சரி.

கணக்கு எளிது. 50 கிலோ டிஏபி மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ. மத்திய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 50 கிலோ, அதாவது ஏக்கருக்கு 20. ஒரு மூட்டையே தேவைக்கு மேல். யூரியா கேட்டால் டிஏபியையும் சேர்த்து வாங்கு என்று தலையில் கட்டுகிற கடைகள் உண்டு, அந்த எரிச்சல் எனக்கும் இருக்கிறது. வாங்கிவிட்டோமே என்று வீசுவதுதான் நம்ம வம்பு. பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனம் 85,563 ஏக்கர். ஏக்கருக்கு அரை மூட்டை கூடுதலாகப் போட்டாலே, மூட்டை 1,350 ரூபாய் வீதம், ஐந்தே முக்கால் கோடி ஆகிறது.

கோழி எருவும் அப்படித்தான். தொழுவுரத்தைவிடப் பல மடங்கு மணிச்சத்து அதில் உண்டு. லாரிக்கு வசதி என்று வரத்துக்கால் ஓரமாகவே கொட்டி, மழை பெய்கிற வரை விட்டுவிடுகிறோம். கீதாரி ஆட்டுக்கிடை போட்டால் ரெண்டு நாளில் உழுது புரட்டுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

நான் கேட்பது, கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு எழுதுங்கள் என்பதே. அடியுரம் போட்ட வயலில் ஒரு வாரம் வாமடை திறக்கக் கூடாது. தண்ணி கூடுதலாக நிற்கிறதென்றால் உரத்துக்கு முன்னாலேயே, தெளிந்த பிறகு வடித்துக்கொள்ள வேண்டும். மழை வருமென்று தெரிந்தால் அன்று வீச்சு கிடையாது. எருக்குவியல் வரத்துக்காலை விட்டுத் தள்ளி மேட்டில் இருக்க வேண்டும். நீர்ப்பாய்ச்சி கண்டு சொன்னால், கரை மண் அள்ளினவனுக்குப் போடுகிற அதே அபராதம். முதல் அபராதம் எனக்கே வந்தாலும் கட்டிவிடுகிறேன்.

கண்மாய்க்குள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததை எடுக்கவும் வழி இருக்கிறது. நம்ம தாத்தாக்கள் கோடையில் கண்மாயிலிருந்து வண்டி வண்டியாகக் கரம்பை, அதாவது வண்டல் மண், அடித்தது சும்மா இல்லை. வயலிலிருந்து போன சத்தைத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது வட்டாட்சியர் அனுமதியிலேயே வண்டல் எடுக்கலாம். சங்கமே சேர்ந்து மனுப் போட்டால் வேலை சுலபம். கரம்பை அடித்தவர் அந்த வருஷம் டிஏபியைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அது முக்கியம்.

ஆவணியில் நான் மண் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் வரப்போரம், மரத்தடி, எருக்குழி இருந்த இடம் இவற்றை விட்டுவிட்டு, வயலில் பல இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு எடுத்து, நிழலில் உலர்த்தி, கலந்து அரைக் கிலோ துணிப்பையில் கொண்டுவாருங்கள். ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் மணிச்சத்து என்று சீட்டில் வந்தால், அந்த வயலுக்கு உரத்தைக் கால்பங்கு குறைக்கலாம்.

இப்படிக்கு,
நடுமடை ஆயக்கட்டுக்காரன்,
மேலூர் வட்டம்